மேற்பார்வையாளரைப் பற்றி அவர்கீழ்ப் பணிபுரிவோர் கருத்துக் கூறலாமா?

நூல் கொடுத்துத் துணி வாங்கும் மேற்பார்வையாளர், நெசவாளரின் வேலையை நாள்தோறும் மதிப்பிடுகிறார். இழை அறுந்திருந்தால் குறித்துக் கொள்கிறார். கரை கோணியிருந்தால் கூலியில் பிடிக்கிறார். விளைபொருட் சங்கத்திலும் அவ்வாறே. தராசண்டை நிற்பவர் ஈரம் மிகுதி என்றால் மிகுதிதான். அவருடைய வேலையை மதிப்பிடுபவர் யார்? நிர்வாகக் கமிட்டியார் என்பது விதி. கமிட்டியாரோ மாதத்தில் ஒருநாள் கூடிக் கணக்கைப் பார்க்கின்றனர். ஏனைய நாட்களில் அவர் எவ்வாறு நடந்து கொள்கிறார் என்பதை அறிந்தவர் அவர் கையால் நூல் வாங்குவோரே. ஆகவே அவர்களையும் கேட்டறிதல் தகுமா என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியுள்ளனர். தகும் என்பதே நம் கருத்து. ஆயினும் கேட்கும் முறை பிசகினால் கேளாதிருப்பதே மேல் என்னும் நிலை வந்துவிடும்.

இவ்வினா சென்னைக்குப் புதிதன்று. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராயிருந்த திரு. வி. கலியாணசுந்தரனார், 1917-இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். அடுத்த ஆண்டே, அதாவது 1918 ஏப்ரல் 27-இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவர். சங்கம் தோன்றுமுன் பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் தம் மனக்குறைகளை எங்கே கூறினர்? ஆலைக்குள் அன்று. செல்வபதி செட்டியாரின் கடையில் கூறினர். நண்பகல் உணவுக்குக் கிடைத்த நேரம் போதாமையும், மேலே இருந்தோர் நடத்திய விதமும் அங்கே பேச்சாயின. செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவற்றை வாடியாவின் செவிக்கு எட்டச் செய்தனர். ஆலைக்குள் ஒரு மேசையருகே சொல்லி முடிந்திருக்கக் கூடிய செய்தி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு நிர்வாகத்தை அடைந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அவ்வாறு வந்த சொல் இன்முகத்தோடு ஏற்கப்படவில்லை. 1920-இல் கதவடைப்பும், துப்பாக்கிச் சூடும், பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் நிகழ்ந்தன. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு அவ்வழக்கும் ஒரு காரணம். 1931-இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன், ஆள் சேர்க்கவும் நீக்கவும் மேஸ்திரிகளுக்கிருந்த அதிகாரத்தையும் அதனால் விளைந்த இலஞ்சத்தையும் கண்டித்தது. மேஸ்திரியைப் பற்றி மேஸ்திரியிடமே முறையிட வேண்டியிருந்ததுதான் நோயின் வேர் என்று நாம் கருதுகிறோம்.

பின்னர் 1947-ஆம் ஆண்டுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாத தொழிலகங்களில் இருதரப்பாரும் சமமாக அமரும் கமிட்டிக்கு வழி செய்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு, இருபது பேர் உள்ள இடத்திலும் குறைதீர் குழு வேண்டும் என்கிறது. நன்று. ஆனால் வீட்டுத் தறியில் நெய்யும் நம் அங்கத்தினருள் பெரும்பாலோர் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். அக்குழுக்களின் நிழல் அவர்கள்மீது எளிதில் விழாது. சங்கமே தனக்கு ஒரு வழி வகுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் அறிந்த சங்கம் ஒன்றில், நெசவாளர் ஒருவர் மகாசபையில் எழுந்து, ஒரே பழுதுக்கு ஒருவரிடம் ஒரு பிடித்தமும் மற்றவரிடம் வேறு பிடித்தமும் செய்யப்படுகின்றன என்றார். எவரும் மறுக்கவில்லை, கைதட்டினோரும் உண்டு. அதன்பின் இரண்டு மாதம் அவருக்குப் பாவு காலந்தாழ்ந்தே கிடைத்தது. இருப்பு இல்லை, சாயம் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். தறி சும்மா கிடந்த நாட்களுக்கு யார் கூலி கொடுப்பார்? அடுத்த மகாசபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறிக்கையில் ‘குறைகள் ஏதும் இல்லை’ என்று எழுதப்பட்டது.

பெயரில்லாத் தாளில் எழுதி வாங்கினால் இத்தொல்லை இராது என்பர் சிலர். ஐந்நூறு பேர் உள்ள ஆலையில் அது பயன்படலாம். பன்னிரண்டு தறிக்காரர் உள்ள சிற்றூரில் கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எழுதத் தயங்குவோரும் உளர். ஆதலின் நூல் கொடுப்பதிலும் துணி வாங்குவதிலும் சம்பந்தப்படாத டைரக்டர் ஒருவர் வீடு வீடாய்ச் சென்று, அனைவரையும் ஒரே விதமாகக் கேட்டுக் குறித்து வருவது நலம். ஒருவரை மட்டும் கேட்டால் சொன்னவர் யார் என்பது வெளிப்படை. எல்லாரையும் கேட்டால் அவ்வாறன்று.

எதைக் கேட்பது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ‘அவர் நல்லவரா?’ என்று கேட்டால் கண்டிப்பானவர் கெட்டவராவார். பழுதைக் காணாததுபோல் விடுபவர் நல்லவராவார். நூல் சொன்ன நாளில் கிடைத்ததா, எடை கண்முன் போடப்பட்டதா, பிடித்தத்தின் காரணம் கூறப்பட்டதா, கூலி எந்நாளில் கைக்கு வந்தது என்று கேட்க வேண்டும். இவை நெசவாளர் நேரில் கண்டவை. சங்கப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கவும் கூடியவை. சங்கத்தின் கடன், கொள்முதல் விலை முதலியவற்றில் மேற்பார்வையாளரின் திறமையை அவர்களிடம் கேட்பதில் பயனில்லை.

மேற்பார்வையாளருக்கும் நீதி உண்டு. 2008-இல் தேவ தத் வழக்கில், அரசு ஊழியரின் ஆண்டுக் குறிப்பில் எழுதப்படும் மதிப்பீடு எதுவாயினும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலிருந்து எழுதப்படுவதற்கு உரிய இம்முறை கீழிருந்து வரும் சொல்லுக்கும் பொருந்தும். மத்திய அரசு உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கையில் அவர்தம் மேலோர், ஒத்தோர், கீழோர் ஆகிய அனைவரிடமும் கருத்துக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தபோது, 2017-இல் பாராளுமன்றக் குழு அதனைக் குறை கூறியது.  வெளிப்படையின்றி, முறைப்படி பதியாமல் கேட்பதால் திரிபுக்கு இடமுண்டு என்பது அக்குறைகளுள் ஒன்று. ஆகவே குறிப்பின் சாரத்தை, சொன்னவர் பெயரின்றி, மேற்பார்வையாளரிடம் காட்டி அவர் மறுமொழியையும் பதிவு செய்தல் வேண்டும். ஒரு குறிப்பைக் கொண்டு மட்டும் அவரை மாற்றுவதோ நீக்குவதோ கூடாது.

மறுமொழி நெசவாளருக்கும் உரியது. அடுத்த கூலி நாளுக்குள் ‘இதனைத் திருத்தினோம், இது இயலாது, காரணம் இது’ என்று கமிட்டியார் பலகையில் எழுதிப் போடவேண்டும். சொன்னவருள் எவருக்கேனும் பாவு தாமதமாகிறதா என்று அந்த டைரக்டரே மூன்று மாதம் வழங்கற் பதிவேட்டைப் பார்த்து வருவதும் அவசியம்.

கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் 81-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளர் விசாரணை இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் பணம் போனபின் வருவது. பிடித்தத்தில் நேரும் ஓரவஞ்சனைக்கு அவ்வளவு தூரம் போவார் இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் கமிட்டித் தலைவரின் மைத்துனராக இருக்கும் சங்கங்களில் (அத்தகையவை இல்லை என்று யார் சொல்வார்?) வீடு வீடாய்ச் செல்லும் டைரக்டரைக் கமிட்டியார் தாமே பொறுக்காமல், மகாசபையில் அங்கத்தினரே கைதூக்கித் தேர்ந்து கொள்ளட்டும்.