பஸ் ஹாரனும் பேஸ்பால் பந்தும்



சின்னமனூர் பக்கம் கம்பம் சாலையில் பஸ் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஹாரன் அடித்தபடி நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிந்துவிடும். டிரைவர் ஹாரனை மாற்றினாரா? இல்லையே! பின்னே ஏன்?

‘ஏன்’ என்று கேட்டீர்களே, அதுதான் அறிவியல். சபாஷ்!

பெரியகுளம் மாந்தோப்புக்குப் போவோம். அண்ணன் ஒருவர் நொடிக்கு ஒரு மாங்காயை உங்களை நோக்கி உருட்டுகிறார். நின்றபடி உருட்டினால், நொடிக்கு ஒன்று வந்து சேரும். உங்களை நோக்கி நடந்துகொண்டே உருட்டினால்? காய்கள் நெருக்கி நெருக்கி வரும். பின்னால் நகர்ந்துகொண்டே உருட்டினால், இடைவெளி கூடும்.

புரிந்ததா? ஒலி அலையும் அந்த மாங்காய் மாதிரிதான். நெருங்கி வந்தால் கீச்சுக்குரல், தள்ளித் தள்ளி வந்தால் தணிந்த குரல். 1842-இல் இதை விளக்கியவர் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர்.

இந்த மாங்காய்க் கணக்குதான் நம் நாட்டுப் பையன்கள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது!

பேஸ்பால், நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பந்து தரையில் குத்தாமல் நேரே மட்டைக்கு வரும். அதை வேகமாக எறிபவர்களைத் தேடி 2008-இல் இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. தேடியவர்கள் கையில் ரேடார் துப்பாக்கி. பயப்படாதீர்கள், அது சுடாது. ரேடியோ அலையை அனுப்பும். பந்தில் பட்டுத் திரும்பும் அலை எவ்வளவு நெருக்கமாகிவிட்டது என்று பார்த்து வேகத்தைச் சொல்லும்.

உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தேர்வானார்கள். ரிங்குவின் பந்து மணிக்குச் சுமார் 140 கி.மீ.! எறிபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே 18.44 மீட்டர்தான். பள்ளி மணி ‘டண்’ என்றதும், அந்த ரீங்காரம் அடங்குமுன் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அரை நொடிகூட ஆகாது!

அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அந்த அணியின் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடினார்கள். மேல்நிலைக்கு ஏற முடியவில்லை. ஏன்?

நம் ஊர் ஆடிக்காற்றில் பட்டம் விட்டிருப்பீர்களே! காற்று மட்டும் போதுமா? நூலை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று விரலுக்குப் பழக வேண்டாமா? வேகம் என்பது காற்று. பந்தைச் சுழற்றுவதும் குறிபார்ப்பதும் நூல் பிடிக்கும் விரல். 2016-இல் 165 கி.மீ. வேகத்தில் எறிந்த ஜப்பானின் ஷோஹெய் ஓடானி, பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே பழகத் தொடங்கியவர். நம் பையன்களுக்கோ அந்த விளையாட்டே புதுசு. அந்தப் பழக்கத்தை ரேடார் காட்டாது.

இன்று மாலை திண்ணையில் கண்ணை மூடி உட்காருங்கள். பஸ் உங்களைத் தாண்டும் நொடியை ஹாரனை வைத்தே சொல்லுங்கள் பார்ப்போம். சொல்லிவிட்டால், உங்கள் காதுகளும் ரேடார்தான்!