சல்சாவில் கை மாற்றுவது எப்படி? இறுக்கிப் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம்

சல்சா ஆடும் ஒரு சோடியைப் பார்க்கும்போது எங்கள் கண் முதலில் கால்களுக்குத்தான் போகும். ஆனால் பழகத் தொடங்கிச் சில வாரங்களில் கால்கள் ஒருவாறு வழிக்கு வந்துவிடும். சிக்கல் கையில்தான். பெண் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். சுற்றத் தொடங்கும்போது ஆணின் இடது கையில் இருந்த அவரது கை, சுற்றி முடிந்து நிற்கும்போது ஆணின் வலது கையில் இருக்கிறது. எப்போது மாறியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. இந்தக் கை மாற்றம் சரிவராவிட்டால் அடுத்த சுற்று இல்லை. ஆட்டம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நானும் மனைவியும் இதைப் பழகப் போனதற்குக் காரணம் மகளின் திருமணம். வரவேற்பில் அம்மாவும் அப்பாவும் ஒரு பாட்டுக்காவது ஆடவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நான்காவது வகுப்பு முடிந்து காரில் ஏறும்போது மனைவி வலது தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இஞ்சருங்கோ, அவை கையைப் பிடிக்கத்தான் சொன்னவை. முறிக்கச் சொல்லேல்லை."

பிழை என்னுடையது. அது என்ன பிழை என்பதை விளங்கிக்கொண்டால் கை மாற்றத்தின் பாதி விளங்கிவிடும்.

சல்சாவில் 'கையைப் பிடிப்பது' என்பது உண்மையில் பிடிப்பதே இல்லை. ஆட்டத்தை வழிநடத்துபவர் தன் விரல்களைக் கொடுக்கிறார். மற்றவர் தன் விரல்களை மடித்து அதில் கொளுவிக்கொள்கிறார். இரண்டு கொளுக்கிகள் ஒன்றில் ஒன்று மாட்டியிருப்பது போல. பெருவிரலுக்கு இதில் வேலை இல்லை. பெருவிரல் மற்றவரின் புறங்கையை அழுத்தியவுடன் கொளுக்கி பூட்டாகிவிடுகிறது. தலைக்கு மேல் கையை உயர்த்திப் பெண் சுற்றும்போது, அவருடைய விரல்கள் ஆணின் விரல்களைச் சுற்றிச் சுழலவேண்டும். பூட்டிய கையில் அந்தச் சுழற்சிக்கு இடமில்லை. ஆனால் உடம்பு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே அந்த முறுக்கு மணிக்கட்டுக்குப் போகும், அங்கிருந்து முழங்கைக்கு, கடைசியில் உயர்த்திய தோளுக்கு. மனைவிக்கு நொந்தது இதனால்தான்.

"பெருவிரலை எடுங்கள்" என்று பயிற்றுநர் சொல்வது கேட்க இலகு. எனக்கு அது ஒரு மாதம் வரவில்லை. கையை விட்டால் ஆளைத் தொலைத்துவிடுவோம் என்று பழகிய தலைமுறை நாங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் நோக்கிச் சனத்தோடு சனமாக நடந்தவர்களுக்குத் தெரியும். அந்த மழையிலும் இருட்டிலும் பக்கத்தில் வருபவரின் கையை எப்படிப் பிடித்திருந்தோம் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பிடி அன்றைக்குச் சரி. ஆட்டத்தில் அதே பிடி மற்றவரைக் காயப்படுத்துகிறது. பதற்றம் வந்தவுடன் என் விரல்கள் தாமாக இறுகுவதை நான் கவனிக்கத் தொடங்கியதே இந்த வகுப்பில்தான்.

இனிக் கை மாற்றம். இதை ஒரு வசனத்தில் சொல்லலாம்: புதிய கை வந்து சேர்ந்த பிறகுதான் பழைய கை விலகவேண்டும். கைக்குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். வாங்குபவரின் கை குழந்தைக்குக் கீழே போய்ப் பாரத்தை ஏற்றபிறகே கொடுப்பவர் தன் கையை எடுக்கிறார். யாரும் இழுப்பதில்லை, யாரும் பறிப்பதில்லை. கை மாற்றமும் அப்படித்தான். புதிய கை அடியில் நுழையும். ஒரு கணம் மூன்று கைகளும் ஒன்றாக இருக்கும். பிறகு பழைய கை வழுக்கி வெளியே வரும்.

எந்தக் கணத்தில்? சல்சா எட்டு எண்ணிக்கையில் ஓடுகிறது. 1, 2, 3 இல் மூன்று அடி; 4 இல் அடி இல்லை. 5, 6, 7 இல் மூன்று அடி. 8 இல் அடி இல்லை. வீட்டில் பரதநாட்டியமோ மிருதங்கமோ பழகும் பிள்ளை இருந்தால் இது உடனே பிடிபடும். ஆதி தாளத்தின் எட்டில் ஆறாவதையும் எட்டாவதையும் தட்டாமல் கையைத் திருப்பி வீசுகிறோம் அல்லவா? ஒலி இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கை இருக்கிறது. சல்சாவின் 4 உம் 8 உம் அப்படிப்பட்டவை. கால் அடி வைக்காத அந்த இடைவெளியில் இரண்டு கைகளுக்கும் இடையே இழுவை குறைந்திருக்கும். தொடக்கக்காரருக்குக் கை மாற்ற ஏற்ற இடம் அதுதான். இழுவை உள்ள நேரத்தில் மாற்றப்போனால் கை நழுவும், அல்லது பறிக்கவேண்டி வரும்.

இரண்டு மாற்றங்களைப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆண் வழிநடத்துவதாக வைத்து எழுதுகிறேன். பெண் வழிநடத்தினாலும் முறை ஒன்றுதான்.

முதலாவது, முன்னால் மாற்றுவது. ஆணின் இடது கையில் பெண்ணின் வலது கை. 3 முடிந்து 4 இல் ஆண் கையை உயர்த்துகிறார். 5, 6, 7 இல் பெண் தன் வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அவருடைய தலைக்கு மேல் ஆணின் கை ஒரு சிறு வளையம் போட்டால் போதும். வளையம் பெரிதானால் பெண் நிலை தவறுவார். 7 இல் அவர் மீண்டும் முகத்துக்கு முகம் வந்துவிடுவார். 8 இல் கை வயிற்று மட்டத்துக்கு இறங்குகிறது. அங்கே ஆணின் வலது கை உள்ளங்கை மேலே பார்க்க ஏற்கெனவே காத்திருக்கவேண்டும். அது பெண்ணின் விரல்களுக்குக் கீழே நுழைந்தவுடன் இடது கை விலகுகிறது. இப்போது வலது கையில் வலது கை, கைலாகு கொடுப்பது போல.

இரண்டாவது, முதுகுக்குப் பின்னால் மாற்றுவது. இங்கே சுற்றுபவர் ஆண். வலது கையில் பெண்ணின் வலது கையை வைத்துக்கொண்டு அவர் தன் இடப்பக்கமாகச் சுற்றுகிறார். பாதி சுற்றியதும் அவருடைய முதுகு பெண்ணைப் பார்க்கும். வலது கை இடுப்புக்குப் பின்னால் இருக்கும். இடது கை அதற்கு முன்பே பின்னால் போய், உள்ளங்கை விரிந்தபடி நடு இடுப்பில் காத்திருக்கவேண்டும். வலது கை பெண்ணின் கையை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு விலகுகிறது. மீதிப் பாதியைச் சுற்றி முடிக்கும்போது பழையபடி இடது கையில் வலது கை. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். இதில் பலர் விடும் பிழை, கையைத் தேடித் தலையைத் திருப்பிப் பார்ப்பது. தலை திரும்பினால் தோள் சரியும், சுற்று சரியும். கண்ணுக்கு இங்கே வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் மாற்றினால் கை தானாகச் சந்திக்கும்.

பெண்ணுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. எங்கள் பயிற்றுநர் மனைவிக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "கை வெறுமையாக இருந்தாலும் தொங்கவிடாதீர்கள்." முழங்கையை மடித்து, விலாவுக்கு முன்னால், இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்திருந்தால், பிடி தவறினாலும் தேட வேண்டியதில்லை. கையில் சிறிது உறுதியும் வேண்டும். கஞ்சி போலத் தளர்ந்த கையால் எந்தச் செய்தியையும் வாங்க முடியாது; விறைத்த கையாலும் முடியாது.

பழகும் முறை இதுதான்: முதலில் பாட்டு இல்லாமல், கால் அசைக்காமல், எதிரெதிரே நின்று கையை மட்டும் மாற்றுங்கள். பிறகு எண்ணிக்கையோடு. பிறகு அடியோடு. கடைசியில்தான் பாட்டு. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினியில் பத்து நிமிடம் இப்படிப் பழகினோம். தோளில் ஏற்கெனவே நோ உள்ளவர்கள் தலைக்கு மேல் கை போகும் சுற்றைத் தவிர்த்து, இடுப்பு மட்டத்து மாற்றங்களோடு நிற்பது நல்லது.

பிள்ளைகள் சல்சா வகுப்புக்குப் போகிறார்கள் என்றால் "ஆரோ ஒருத்தரின்ரை கையைப் பிடிச்சு ஆடுறதோ" என்று கவலைப்படும் பெற்றோர் எங்களிடையே உண்டு. அந்தக் கொளுக்கிப் பிடியைக் கற்றபின் எனக்கு அந்தக் கவலை குறைந்தது. விரும்பாதவர் விரலை நிமிர்த்தினால் போதும், கை கழன்றுவிடும். அப்படிக் கழல முடியாதபடி பிடிப்பவர் பிழையாக ஆடுகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த ஆட்டம் வந்த வழியும் எங்களுக்கு அந்நியமானதல்ல. கியூபாவின் சோன், மம்போ போன்ற இசைகள், நியூயோர்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா நாட்டவரின் கைகளில் சல்சாவாக வளர்ந்தன. அந்த இசையின் அரசி எனப்படும் செலியா குரூஸ் 1960 இல் கியூபாவை விட்டு வெளியேறியவர். 1962 இல் தாயார் இறந்தபோது அவர் நாடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய பாடலுக்குத்தான் எங்கள் வகுப்பில் பெரும்பாலும் ஆடினோம்.

மகளின் வரவேற்பில் நாங்கள் ஆடினோம். மூன்றாவது மாற்றத்தில் முதுகுக்குப் பின்னால் என் கை தவறியது. பதறித் தேடினேன். மனைவியின் கை விலாவுக்கு முன்னால், சொல்லித்தந்த அதே இடத்தில் இருந்தது. அடுத்த 1 வரும்வரை பொறுத்து, பெருவிரலை விலக்கி வாங்கிக்கொண்டேன். அடுத்தநாள் காலை முதல் வேலையாகத் தோள் நோகுதா என்று கேட்டேன். இல்லை என்றார்.