சீவில்லிபுத்தூர்ச் சீமையின் பாளையப் போர்களும் ஊர்ப்பெயர்ச் சான்றும்

மதுரையினின்று தென்மேற்கே செல்லும் பெருவழியில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிச் சீவில்லிபுத்தூர், இராசபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பதியெனச் சீவில்லிபுத்தூரைத் தமிழுலகம் நன்கறியும். அவ்வூரைச் சூழ்ந்த நிலம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கும்பினிப் படைகள் நெல்லைச் சீமைக்குட் புகும் வாயிலாக இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1910ஆம் ஆண்டில் இராமநாதபுர மாவட்டம் வகுக்கப்பெறும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இதன் பழஞ்செய்திகளைத் திருநெல்வேலி வரலாற்று நூல்களிலேயே தேடவேண்டும்.

அப்போர்களை உடனிருந்தோர் கூற்றைக் கொண்டு விரித்தெழுதியவர் இராபர்ட்டு ஓர்மே என்னும் ஆங்கிலேயர். அவர் நூலின் முதற்பகுதி 1763இலும் அடுத்த பகுதி 1778இலும் வெளிவந்தன. அவர் செவிப்பட்டவாறு எழுதிய தமிழ்ப் பெயர்களை இன்று மீண்டும் தமிழாக்குவோர் எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்ப்பின், இல்லாத ஊர்கள் தோன்றும். இருந்த ஊர்கள் மறையும். எனவே அப்பெயர்களைத் தமிழ் ஒலிமரபு கொண்டு ஆராய்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறக் கருதியது.

1. போர்களின் வரலாறு

நெல்லைச் சீமையின் பாளையங்கள் இருபாற்பட்டன. மலையடிவாரமாகிய மேற்கில் மறவர் பாளையங்களும், கரிசற் காடாகிய கிழக்கில் நாயக்கர் பாளையங்களும் மிக்கிருந்தன. 1755இல் கர்னல் எரான் என்பான், ஆர்க்காட்டு நவாபின் தமையனாகிய மாபுசுகானுடன் வரி தண்ட வந்தான். நெற்கட்டும்செவலின் தலைவர் பூலித்தேவர் அவனுக்குப் பணிந்திலர். கோட்டையைத் தகர்க்கும் வலியின்றி எரான் மீண்டான்; பின்னர்ப் படைமன்றத்தால் உசாவப்பட்டுப் பதவியிழந்தான்.

1756இல் சிப்பாய்ப் படைத்தலைவனாகிய யூசுபுகான் அனுப்பப்பட்டான். மாபுசுகானும் அவனும் கூடிய படைகள் சீவில்லிபுத்தூரைத் தங்கிடமாகக் கொண்டன. வடக்கே மதுரையினின்று உணவும் மருந்தும் வருவதற்கும், தெற்கே மறவர் பாளையங்கள் மேற்செல்லுதற்கும் அவ்விடம் வாய்ப்பாக இருந்தமையே அதற்குக் காரணம் எனலாம். 1759 டிசம்பரில் யூசுபுகான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றான். 1761 மே மாதத்தில் அதனையும் நெற்கட்டும்செவலையும் கைப்பற்றினான். பின்னர் நவாபோடும் கும்பினியோடும் மாறுபட்டு மதுரைக் கோட்டையினின்று எதிர்த்துப் பொருது, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். மீண்டும் தலையெடுத்த மேற்குப் பாளையங்களை 1767இல் கர்னல் தொனால்டு கேம்பெல் தாக்கி, வாசுதேவநல்லூரைக் கைக்கொண்டான்.

2. அயலார் செவியில் நம் பெயர்கள்

ஓர்மே நூலில் 'வாசினெலூர்' என ஒலிக்கத்தக்க பெயர் ஒன்று வருகின்றது. அது வாசுதேவநல்லூரே. இதனை அயலாரின் சிதைவென்று தள்ளிவிடுதல் தகாது. நீண்ட ஊர்ப்பெயர்கள் நடுவெழுத்துக் கெட்டு மரூஉவாதல் தமிழ் வழக்கே. தஞ்சாவூர் தஞ்சை என்றாதலும், கோயம்புத்தூர் கோவை என்றாதலும் யாவரும் அறிவர். ஆகவே ஓர்மேக்குச் செய்தி கூறியோர் வாய்மொழியில் அவ்வூர் வாசிநல்லூர் எனக் குறுகி வழங்கியிருத்தல் கூடும்.

சீவில்லிபுத்தூரின் முதலசை வேறொரு பாடம் தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஏடுகள் சிலவற்றில் அது 'ஸ்ட்ரீ' எனத் தொடங்குகின்றது. சகரத்தை அடுத்து ரகரம் நேரே மயங்குதல் ஆங்கிலச் சொன்முதலில் இயல்பன்று. இடையே டகரம் வருதலே இயல்பு. தமிழோ மொழிமுதலில் மெய்ம்மயக்கத்தை ஏலாது. ஆதலின் ரகரத்தை விலக்கிச் 'சீ' என்றது. ஒரே வடசொல்லை இரு மொழிகளும் தத்தம் இயல்பிற்கேற்பத் திருத்திக்கொண்டன.

பாளையத் தலைவரின் பெயரையும் நோக்குக. பூலித்தேவர் என்றும் புலித்தேவர் என்றும் இருவகையாக வழங்குகின்றது. இதனைத் துணிதற்கு ஓர்மேயின் எழுத்து உதவாது. குறில் நெடில் வேறுபாட்டை அவ்வெழுத்துமுறை காட்டுவதில்லை. நாட்டு வழக்கிலுள்ள பூலித்தேவர் என்னும் வடிவைப் போற்றுதலே முறை.

3. நெற்கட்டும்செவலா, நெற்கட்டான்செவலா?

செவல் என்பது செந்நிலம். வரிநெல் கட்டிய ஊராதலின் நெற்கட்டும்செவல் ஆயிற்றென்றும், பூலித்தேவர் வரி மறுத்தபின் நெற்கட்டான்செவல் என மாறிற்றென்றும் அந்நாட்டார் கூறுவர். ஊர்ப்பெயராகிய பெயரெச்சத் தொடரின் எதிர்மறை 'நெற்கட்டாச்செவல்' என்றே அமைதல் வேண்டும். அது நிலத்தைச் சிறப்பிக்கும். 'கட்டான்' என்பதோ எதிர்மறை வினையாலணையும் பெயர். கட்டாதவனாகிய ஆடவனைக் குறிக்கும். எனவே நெற்கட்டான்செவல் என்பது 'நெல் கட்டாதவனது செவல்' என விரியும். ஊரைப் பாடாது தலைவனைப் பாடும் பெயர் இது.

ஓர்மே எழுதிய வடிவம் 'நெல்லிடாங்கவில்' போன்று ஒலிக்கும். 'கட்டும்' என்பதன் உகரம் நிற்கவேண்டிய இடத்தில் அவர் அகர ஆகாரங்களுக்குரிய எழுத்தை இட்டுள்ளார். அக்கால ஆங்கிலேயர் உகர எழுத்தால் அகரத்தைக் குறித்தல் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியின் 'லங்' என்பதை அவ்வாறே எழுதினர். அகர எழுத்தால் உகரத்தைக் குறித்தல் அத்துணை எளிதன்று. ஆகவே பூலித்தேவர் காலத்திலேயே 'கட்டாஞ்செவல்' என்னும் வழக்கு எழுந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. எனினும் ககர அசை விடுபட்டுக் கிடக்கும் ஒரு வடிவத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

4. நம்மவர் வாயில் அயற்பெயர்கள்

இம்மாற்றம் ஒருபாற்பட்டதன்று. கம்பெனி என்பதைக் கும்பினி என்றும், கமாண்டன்ட் என்பதைக் கம்மந்தான் என்றும் மக்கள் வழங்கினர். யூசுபுகான் கம்மந்தான் கான்சாகிபு ஆனான். அவன் வரலாற்றைக் கூறும் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மதுரையிலுள்ள கான்சாமேட்டுத் தெரு அவன் பெயர் தாங்கியது. சீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வத்திராயிருப்பை அடுத்துள்ள கான்சாபுரமும் அத்தகையதே. கான்சாகிபு என்பது கான்சா எனக் கடைகுறைந்து நின்றமையின், அஃது ஓர் ஆட்பெயர் என்பதே இன்று பலர்க்குத் தோன்றுவதில்லை.

இராசபாளையம் என்னும் பெயரும் கருதத்தக்கது. பாளையம் என்பது படை தங்குமிடம். விசயநகரப் பேரரசின் தொடர்பால் ஆந்திர நாட்டினின்று வந்து குடியேறிய ராசுக்களின் ஊர் இது. இதனகத்தே பழையபாளையம், புதுப்பாளையம் என இரு பகுதிகள் உள்ளன. படைவீட்டுச் சொல் குடியிருப்புச் சொல்லாகப் பொருள் விரிந்தமைக்கு இவை சான்று.

5. முடிபு

ஏட்டுச் சான்றும் ஊர்ப்பெயர்ச் சான்றும் ஒன்றையொன்று நிரப்புவன. கும்பினி ஏடுகள் நாளும் படையளவும் கூறும். வரி கட்டாதவனை ஒரு நாடு எவ்வாறு நினைத்தது என்பதைக் கூறமாட்டா. அதனை 'கட்டான்' என்னும் ஒரு சொல் கூறுகின்றது. இச்சீமையின் சிற்றூர், குளம், புலம் ஆகியவற்றின் பெயர்களை முதியோர் வாய்மொழியினின்றும் நிலவரி ஏடுகளினின்றும் திரட்டும் பணியை மேற்பட்டப் படிப்பு மாணவர் மேற்கொள்ளுதல் நன்று. பெயர்கள் மாறுமுன் அது நிகழ்தல் வேண்டும்.