பூனையோடு இருத்தல் – 11: மெல்லப் போகிற கை

விரலை நீட்டுவது, மோந்து பார்க்க விடுவது, கண்ணை மெல்ல மூடித் திறப்பது எல்லாம் போன இரண்டு வாரங்களில் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கை பூனையின் மேல் படுகிறது.

வால் அடியில் சொறிந்துவிடலாமா என்பதைத்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. "மடியில் படுத்து நன்றாகத்தான் கொர்கொர் என்கிறது. தலையிலிருந்து வால்வரை ஆசையாகத் தடவிக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று திரும்பிக் கையைக் கடித்துவிட்டு ஓடுகிறது. என்ன நன்றியோ!" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதுதான் முதல் வேலை. ஏனென்றால் இதே வருத்தம் பூனை வளர்க்கிற பாதிப் பேருக்கு உண்டு. பூனை மேல் தப்பே இல்லை அம்மா. அது முன்கூட்டியே பல தடவை சொல்லியிருக்கும். நம் கை நிற்கவில்லை.

முதலில் இடம். இரண்டு பூனைகள் சிநேகமாக இருந்தால் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கே நக்குகின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் தலையும் கழுத்தும்தான். ரூட் வான் டென் போஸ் என்ற ஆய்வாளர் கூட்டமாக வாழும் பூனைகளைக் கவனித்து 1998இல் எழுதியதும் இதையேதான் சொல்கிறது. முதுகு நெடுக, வயிறு, வால் என்று ஒரு பூனை இன்னொன்றை நக்கிக்கொடுப்பது அரிது. அப்படித் தடவுவது நம்முடைய பழக்கம்.

தலையிலும் சில இடங்கள் தனி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி அடர்த்தி குறைந்து, உற்றுப் பார்த்தால் தோல் லேசாகத் தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. பிறகு கன்னம், மோவாய், உதட்டோரம். இங்கெல்லாம் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தை இழுத்துத் தேய்த்துக்கொண்டு போவது இந்த மணத்தைப் பூசத்தான். பாத்ரிக் பஜா என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1990களில் இந்த முகச் சுரப்பைப் பிரித்து, அதில் ஐந்து வகைகளைக் கண்டார். பூனை இடத்தில் பூசும் வகை ஒன்று, கூடப் பழகும் உயிர்மேல் பூசும் வகை வேறொன்று. ஆகவே கன்னத்தில் நீங்கள் சொறியும்போது உங்கள் விரலில் அது தன் மணத்தைப் பூசிக்கொள்கிறது. உங்களைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்கிறது.

2002இல் வந்த ஓர் ஆய்வில் பூனைகளுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்–காது இடைவெளி என்றும், கடைசி இடம் வால் அடிக்கு என்றும் தெரிந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2015இல் செய்த ஆய்வும் வால் அடியைத்தான் மோசமான இடமாகக் காட்டியது. மீசை முடியை மட்டும் பின்னோக்கி மடக்காதீர்கள். ஒவ்வொரு முடியின் வேரிலும் நரம்பு குவிந்திருக்கிறது. மீசைக்குப் பின்னால், கன்ன எலும்பின் மேல் சொறியுங்கள்.

இடத்தைப் பற்றி இவ்வளவு போதும். இனி வேகம். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

வருடலை உணர்வதற்கென்றே தோலில் ஒரு தனி நரம்பு இருக்கிறது. அது முதன்முதலில் கண்டறியப்பட்டது மனிதனிடம் அல்ல, பூனையிடம்!

இங்வே சாட்டர்மன் ஸ்வீடன்காரர், உடலியல் அறிஞர். இளம் வயதில் கேம்பிரிட்ஜ் போய் எட்கர் ஏட்ரியனோடு வேலை செய்தவர். ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின் துடிப்பை இருவரும் சேர்ந்து பதிவு செய்தார்கள். 1932இல் நோபல் பரிசு ஏட்ரியனுக்கும் ஷெரிங்டன் என்ற இன்னோர் அறிஞருக்கும் போயிற்று. சாட்டர்மன் ஊர் திரும்பிப் பூனையின் கால் நரம்பில் தன் வேலையைத் தொடர்ந்தார். 1939இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் விசித்திரமான ஒரு செய்தி இருந்தது. தோலில் மெல்லிய இழைகள் உண்டு. வலியையும் சூட்டையும் சுமப்பவை அவை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவற்றில் சில, பஞ்சால் தொட்டாற்போன்ற மென்மையான தீண்டலுக்கும் துடித்தன. தொட்டு முடித்த பிறகும் சற்று நேரம் துடித்துக்கொண்டிருந்தன. கூச்ச உணர்வு இந்த இழைகள் வழியேதான் வருகிறது போலும் என்று சாட்டர்மன் நினைத்தார்.

இந்த இழைகளில் செய்தி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும், நாம் தெருவில் நடக்கிற வேகம். தொட்ட இடம் எது என்று சொல்லும் தடித்த நரம்புகளோ பல பத்து மடங்கு வேகம். அவசரச் செய்திக்கு அந்த நரம்பு இருக்கும்போது, இவ்வளவு மெதுவாகப் போகும் இழைக்கு என்ன வேலை? பூனையிலும் குரங்கிலும் இருந்தாலும் மனிதனிடம் இது இல்லை என்றே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1990ஐ ஒட்டித்தான் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மனிதர்களின் முகத்திலும், பிறகு முன்கையிலும் அதே இழைகளைப் பதிவு செய்தார்கள். முடி உள்ள தோலில்தான் இவை நிறைய. உள்ளங்கையில் கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் 2002இல் ஒரு பெண்மணியின் கதை வந்தது. நோயால் தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த நரம்புகள் எல்லாம் அவருக்குச் செயலற்றுப் போயிருந்தன. தொட்டால் தெரியாது. ஆனால் மென்மையான தூரிகையால் முன்கையில் மெல்ல வருடியபோது, சரியாக எந்த இடம் என்று சொல்ல முடியாமல், ஏதோ இதமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மெல்லிய இழைகள் அவரிடம் மிச்சமிருந்தன. தொடுவதை அறிவிப்பது ஒரு நரம்பு, தொடுவதன் சுகத்தைச் சொல்வது இன்னொன்று! இதைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

2009இல் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இயந்திரக் கையில் தூரிகை கட்டி, மனிதர்களின் முன்கையை வெவ்வேறு வேகத்தில் வருடினார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையான வேகத்தில் அந்த இழைகள் அதிகமாகத் துடித்தன. அதே வேகத்தைத்தான் மனிதர்களும் இதம் என்றார்கள். அதைவிட வேகமாகப் போனாலும் குறைந்தது, மிக மெதுவாக ஊர்ந்தாலும் குறைந்தது. அளவு மனிதத் தோலில் எடுத்தது. ஆனால் பூனையின் இழைகளும் மெதுவாக நகரும் தொடுகைக்கே நன்றாகத் துடிப்பவை.

இப்போது நம் கையைப் பாருங்கள். பூனையைக் கண்டதும் பரபரவென்று முன்னும் பின்னும் தேய்க்கிறோம். நெற்றியில் வைத்த விரல் பிடரி போய்ச் சேர மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளட்டும். மனசுக்குள் எண்ணிக்கொண்டு செய்து பாருங்கள், உங்களுக்கே தாமதமாகப் படும். பூனைக்குப் பிடித்த வேகம் அதுவாகவே இருக்கலாம்.

இடமும் வேகமும் ஆயிற்று. இனி, தொடுவதை யார் முடிவு செய்வது? எங்கள் தெரு முனையில் ஓர் அரிசி மண்டி. எலிக்காக வைத்த பூனை, பெயர் சிட்டு. மூட்டைமேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர், குழந்தைகள் என்று யார் கையையும் கிட்டே விடாது. ஆனால் அண்ணாச்சி கணக்கெழுதும்போது இறங்கிவரும். அவர் பேனாவை மூடித் தலைகீழாகப் பிடித்து மேஜை விளிம்பில் அசையாமல் நீட்டுவார். சிட்டு முதலில் மூடியை முகரும். பிறகு மோவாயை அதன்மேல் வைத்து அழுத்தி, உதட்டோரம் விலகிப் பல் தெரியும் அளவுக்கு இழுத்துத் தேய்க்கும். திரும்பி மறுபக்கம். கண் பாதி மூடியிருக்கும்.

"நல்லாச் சொறிஞ்சு விடுறீங்களே அண்ணாச்சி" என்றேன்.

"நான் எங்க சார் சொறியுறேன்? சும்மா நீட்டுறேன். அதுவா வந்து தேய்ச்சுக்குது. போதும்னா போயிருது."

லண்டன் பேட்டர்சீ விலங்குக் காப்பகத்தில் லாரன் ஃபின்கா குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் இதுவே. நெருங்குவதா விலகுவதா என்பதைப் பூனை முடிவு செய்யட்டும், அதன் உடலைக் கவனி, தலைப் பக்கத்தை மட்டும் தொடு. இந்த மூன்றையும் மனிதர்களுக்குச் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்தபின் பூனைகள் அதிகம் சிநேகமாயின, சீற்றம் குறைந்தது. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றும் கண்டது. பூனையைப் பற்றி நன்றாகத் தெரியும் என்றவர்களும் பல ஆண்டு வளர்த்தவர்களும்தான் பூனைக்குப் பிடிக்காத இடங்களை அதிகம் தொட்டார்கள். என்னைப் போன்ற பழைய பூனைக்காரர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

கும்பகோணத்து அம்மாவுக்கு வருகிறேன். மூன்று வருடல், பிறகு நிறுத்துங்கள். கையை அங்கேயே காற்றில் வைத்திருங்கள். பூனை தலையைத் தூக்கி உங்கள் விரலில் இடித்தால் தொடருங்கள். இடிக்காமல் அப்படியே இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கொர்கொர் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும். முதுகுத் தோல் அலைபோல் நெளிகிறதா, வால் நுனி சுள்ளென்று அடிக்கிறதா, காது பக்கவாட்டில் திரும்புகிறதா, தலை சட்டென்று உங்கள் கைப் பக்கம் வருகிறதா, இருந்தாற்போல் தன்னையே நக்கிக்கொள்கிறதா? கடிக்கு முன் வந்த சொற்கள் இவை. தலையிலிருந்து வால்வரை நீளமாக ஒரே இழுப்பாகத் தடவும்போது ஒவ்வொரு தடவையும் கை போய் முடிகிற இடம் வால் அடி. உங்கள் பூனைக்கு அங்கேதான் பொறுமை தீர்ந்திருக்கும்.

வயதான பூனை திடீரென்று தொட விடாவிட்டால் மட்டும் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டிலோ பல்லிலோ வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை கடித்தோ பிராண்டியோ ரத்தம் வந்தால், வீட்டுப் பூனையாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி விஷயத்தில் நாளை என்று தள்ளக் கூடாது.

வால் அடிக்கு இடமில்லாமல் போயிற்று. ஆய்வுகள் அதைக் கடைசியில் வைத்தாலும், அங்கே சொறிந்தால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பூனைகளும் நம் வீடுகளில் நிறைய உண்டே, அது எப்படி? அடுத்த வாரம் கட்டாயம் அதுதான், கூடவே வயிறும். அதற்குள் உங்கள் வீட்டுப் பூனையிடம் மூன்று வருடலுக்குப் பிறகு கையை நிறுத்திப் பாருங்கள். இடித்ததா, எழுந்து போனதா என்று ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)