ஒரு பிஸ்கட்டின் கணக்கு

கடையில் பிஸ்கட் பொட்டலம் வாங்குகிறீர்கள். உறையில் '16 பிஸ்கட்டுகள்' என்று அச்சிட்டிருக்கிறது. என்றாவது பிரித்து எண்ணிப் பார்த்ததுண்டா?

மணலியில் ஒருவர் எண்ணிப் பார்த்தார். 2021 டிசம்பரில், தெருவில் திரியும் விலங்குகளுக்குப் போடுவதற்காக இரண்டு டஜன் பொட்டலங்கள் வாங்கியவர் அவர். ஒரு பொட்டலத்தில் 15 பிஸ்கட்டுகளே இருந்தன. கடைக்காரரையும், தயாரித்த ஐ.டி.சி. நிறுவனத்தையும் கேட்டார். தக்க பதில் கிடைக்கவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட்டார்.

ஒரு பிஸ்கட்டின் விலை 75 காசு. 'இதற்கா வழக்கு?' என்கிறீர்களா? பெருக்கிப் பாருங்கள். லட்சம் பொட்டலங்களில் ஒவ்வொன்று குறைந்தால் 75,000 ரூபாய்! சிறு துளிதான் பெருவெள்ளம்.

'நாங்கள் எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில் விற்கிறோம்' என்றது நிறுவனம். உறையில் இருந்த எடை 76 கிராம். நிறுத்துப் பார்த்தபோது 74 கிராம்தான் இருந்தது. '2011ஆம் ஆண்டு விதிகளின்படி 4.5 கிராம் வரை வேறுபடலாம்' என்று நிறுவனம் வாதாடியது.

இங்கேதான் அறிவியல் வருகிறது. எந்த இயந்திரமும் எல்லாப் பொட்டலங்களையும் ஒரே எடையில் நிரப்பாது. ஒன்றில் சற்றுக் கூடும். மற்றொன்றில் சற்றுக் குறையும். ஆகவே சட்டம் சிறு பிழைக்கு இடம் தருகிறது. ஆனால் தற்செயலான பிழை இருபுறமும் விழும். பல பொட்டலங்களின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையாது. எப்போதும் குறைவாகவே இருந்தால் அது தற்செயல் அன்று.

இந்தச் சலுகை நாளடைவில் ஆவியாகி எடை குறையும் பொருள்களுக்கே உரியது, பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்றது ஆணையம். உறையில் எண்ணிக்கையை அச்சிட்டதையும் சுட்டிக்காட்டியது. 2023 ஆகஸ்டில், 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் தரும்படி உத்தரவிட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். வாங்கும் பொருளின் அளவையும் தரத்தையும் அறிவது உங்கள் உரிமை. 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நண்பர்கள் சேர்ந்து ஒரே வகைப் பொட்டலங்கள் பத்து வாங்குங்கள். உறையை நீக்கி, பள்ளித் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துச் சராசரி காணுங்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்!