ஃபர்ஸ்ட் காப்பியா, ‘மாட்’ வாட்ச்சா? டயலில் இருக்கும் பெயர்தான் எல்லைக்கோடு!

இன்ஸ்டாகிராமில் வாட்ச் பற்றி ஒரே ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு இரண்டு வகை ரீல்ஸ் மாறி மாறி வரும். ஒன்றில் பச்சை டப்பாவோடு ஒரு ரோலெக்ஸ் சப்மரினர். விலை கேட்டால் “இன்பாக்ஸ் வாங்க ப்ரோ” என்பார்கள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘சூப்பர் க்ளோன்’ என்று தரத்துக்குத் தகுந்தபடி பெயர் வேறு. இன்னொரு ரீலில் ஒருவர் விரல் நுனிகளில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் முள்ளைத் தூக்கி, டயலின் நடுவே வைத்து, மூச்சைப் பிடித்தபடி மெல்ல அழுத்துகிறார். அவர் கட்டி முடிக்கும் வாட்ச்சும் கிட்டத்தட்ட சப்மரினர் மாதிரியேதான் இருக்கிறது.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. முதலாவது போலிச் சரக்கு. இரண்டாவது உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால், இரண்டாவதில் இருப்பவர்கள் தெரியாமலேயே முதலாவதுக்குள் காலை வைத்துவிடுவதும் நடக்கிறது. எங்கே என்று பார்ப்போம்.

எல்லாம் சீக்கோவில் ஆரம்பித்தது

வாட்ச்சைப் பிரித்து டயல், முள், கண்ணாடி, பெசல் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டுவதுதான் ‘மாடிங்’. நம்ம ஊரில் ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ஹேண்டில்பாரும் சீட்டும் மாற்றி ‘ஆல்டர்’ செய்வார்களே, அதே ஆசைதான்.

இதில் ராஜா என்றால் ஜப்பானின் சீக்கோ 1996-ல் கொண்டுவந்த எஸ்கேஎக்ஸ் 007. 200 மீட்டர் ஆழம் தாங்கும் டைவர் வாட்ச், நியாயமான விலை, முரட்டு உழைப்பு. குறையும் உண்டு. உள்ளே இருந்த 7எஸ்26 மெஷினுக்குச் சாவி கொடுக்க முடியாது. கையை ஆட்டினால்தான் ஓடும். நேரம் திருத்தும்போது நொடி முள்ளை நிறுத்தவும் முடியாது. “இதை மட்டும் மாற்றிவிட்டால் போதும்” என்று ஆரம்பித்தவர்கள் பிறகு எதையுமே விட்டுவைக்கவில்லை. அவர்களுக்காகவே டயல், பெசல், சஃபையர் கண்ணாடி செய்து விற்கும் கடைகள் ஹாங்காங், ஷென்சென் என்று முளைத்தன. 2019-ல் சீக்கோ அந்த மாடலை நிறுத்தியது. மாடிங் நிற்கவில்லை.

காரணம், என்ஹெச்35 என்ற மெஷின். சீக்கோ தன் சொந்த வாட்ச்களில் வைக்கும் 4ஆர்35-ன் பெயர் போடாத உடன்பிறப்பு இது. மற்ற கம்பெனிகளுக்கும் சீக்கோ குழுமமே சட்டப்படி விற்கிறது. 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, முழுசாகச் சாவி கொடுத்தால் சுமார் 41 மணி நேரம் ஓட்டம். சாவியும் கொடுக்கலாம், நொடி முள்ளையும் நிறுத்தலாம். ஆனால், ஒரு நாளைக்கு 20 நொடி பின்தங்குவதும் 40 நொடி முந்துவதும் கம்பெனிக் கணக்கில் ‘நார்மல்’தான்! ஒரு சீக்கோ வாட்ச்கூட வாங்காமல் இந்த மெஷினையும் மற்ற பாகங்களையும் தனித்தனியாக வாங்கி, முழு வாட்ச்சைச் சாப்பாட்டு மேசையிலேயே கட்டிவிடலாம்.

சொல்வது எளிது. செய்யும்போது வியர்க்கும். டயலின் அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். சாவி 3 மணி இடத்தில் இருக்கும் கேஸுக்கும், 4 மணி பக்கம் தள்ளியிருக்கும் கேஸுக்கும் அந்தக் கால்களின் இடம் வேறு. பொருந்தாவிட்டால் காலை வெட்டிவிட்டு ஒட்டுப் பொட்டு வைத்து ஒட்டுவார்கள். “அது முறையில்லை” என்று சொல்பவர்களும் ஒருநாள் அதைச் செய்திருப்பார்கள். நொடி முள் உட்காரும் துளை சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். தும்மினால் போச்சு. சின்ன முள்ளை மாட்டும் முன், தேதி ‘டக்’கென்று மாறும் வரை சாவியைத் திருப்பி, பிறகு சரியாக 12-ல் வைக்க வேண்டும். இதை மறந்தால் மத்தியானம் மூன்றரைக்குத் தேதி மாறும் வாட்ச் கிடைக்கும்.

இன்னொன்று, பின் மூடியில் ‘200 மீட்டர்’ என்று எழுதியிருப்பதை ஒருமுறை பிரித்துக் கட்டிய பிறகு நம்ப முடியாது. ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி, பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்கும் வரை அது கை கழுவும்போதுகூடக் கழற்றி வைக்க வேண்டிய வாட்ச்தான்.

காப்பியைச் செதுக்குகிறவர்கள்

பலருக்கும் தெரியாத விஷயம், போலி ரோலெக்ஸ்களைச் சேகரிப்பதும் அவற்றை மேலும் மேலும் மெருகேற்றுவதும்கூட ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சரக்கின் ஊற்றுக்கண் சீனாவின் குவாங்டாங் பக்கம். பெட்டி கிளம்பும் முன் விற்பவர் வாட்ச்சின் குளோஸ்-அப் படங்களை அனுப்புவார். வாங்குபவர் அதைப் பெரிதாக்கி, தேதி எண் நடுவில் நிற்கிறதா, டயல் விளிம்பில் பொறித்த எழுத்து மணிக்குறிகளோடு நேராக இருக்கிறதா, தேதிக்கு மேல் உள்ள லென்ஸ் ஒரிஜினல் மாதிரி இரண்டரை மடங்கு பெருக்குகிறதா என்று பரிசோதிப்பார். ‘ஓகே’ சொன்னால்தான் அனுப்புவார்கள். கையில் வந்த பிறகு கண்ணாடி மாற்றம், தேதித் தகடு மாற்றம், இருட்டில் ஒளிரும் பூச்சை மீண்டும் பூசுவது என்று அடுத்த சுற்று தொடங்கும். இன்னும் கொஞ்சம் பித்துப் பிடித்தவர்கள் எங்கிருந்தாவது அசல் ரோலெக்ஸ் பாகங்களையே தேடிப் பிடித்து உள்ளே வைப்பார்கள். பாதி அசல், பாதி போலி. ‘ஃபிராங்கன் வாட்ச்’ என்பது இதன் செல்லப்பெயர்.

இவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ரோலெக்ஸின் ஸ்டீல் மாடல்களுக்குக் கையில் பணம் இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல். “போலின்னு தெரிஞ்சுதானே வாங்குறேன், யாரை ஏமாத்துறேன்?” என்று கேட்கிறார்கள். இந்த வேலையில் திறமை இருப்பதையும் மறுக்க முடியாது. ஆனால், அந்தத் திறமை எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். சீக்கோவை மாற்றுபவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அடுத்தவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. போலியை மெருகேற்றுபவர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அடுத்தவர் கண்ணில் படவே கூடாது என்பதற்காக. ஸ்ப்ளெண்டர் டேங்கில் டுகாட்டி ஸ்டிக்கர் ஒட்டினால் தெருவே சிரிக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள். 41 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் ஒட்டும் ஸ்டிக்கர் அப்படி இல்லை.

போதாக்குறைக்கு, அசலின் 3235 மெஷினைப் போலவே தோற்றமளிக்கும் க்ளோன் மெஷின் ஒருநாள் நின்றுபோனால் ரோலெக்ஸ் சர்வீஸ் சென்டர் அதைத் தொடாது. தெரு முனை வாட்ச் கடைக்காரரிடமும் அதற்குப் பாகம் இருக்காது. என்ஹெச்35 மெஷின் செத்தால்? புது மெஷினையே வாங்கி மாட்டிவிடலாம்.

ஒரே மாதம், இரண்டு தீர்ப்பு

2024 ஜனவரியில் இரண்டு நாட்டு நீதிமன்றங்கள் இந்த எல்லைக்கோட்டை வரைந்தன. இரண்டு வழக்கிலும் ஒரு பக்கம் ரோலெக்ஸ்.

அமெரிக்காவின் டெக்சாஸில் பெக்கர்டைம் என்ற நிறுவனம் பழைய அசல் ரோலெக்ஸ்களை வாங்கி, வேறு கம்பெனி பெசல், வைரம் பதித்து மாற்றிய டயல் எல்லாம் வைத்து, ரோலெக்ஸ் பெயரிலேயே விற்றுவந்தது. இது கள்ள முத்திரைதான் என்ற முடிவை ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ரோலெக்ஸ் வழக்குப் போடத் தாமதித்ததால் லாபப் பணம் மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை.

அதே மாதம் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கைத் தீர்த்தது. ஜெனிவாவில் ரோலெக்ஸ்களைத் தனிப்பயனாக மாற்றித் தரும் பட்டறை மீதான வழக்கு அது. சொந்தமாக வைத்திருப்பவர் தன் வாட்ச்சைக் கொண்டுவந்து, தான் கட்டிக்கொள்ள மாற்றித் தரச் சொன்னால் அது தவறில்லை என்றது நீதிமன்றம். ஆனால், மாற்றிய வாட்ச்சைப் பிராண்டின் அனுமதியின்றி சந்தையில் விற்பது வேறு விஷயம். பட்டறையின் விளம்பரத்தில் ரோலெக்ஸ் பெயரைப் பயன்படுத்திய விதத்தை மறுபடி ஆராயும்படி கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

2021-ல் வந்த இன்னொரு அமெரிக்கத் தீர்ப்பும் முக்கியம். ஹாமில்டன் பிராண்டின் பழைய பாக்கெட் வாட்ச் மெஷின்களை எடுத்து, புது கேஸில் போட்டு, கைக்கடிகாரமாக விற்ற வோர்டிக் என்ற சிறு நிறுவனம், அந்தப் பெரிய பிராண்டை எதிர்த்து ஜெயித்தது. எது பழசு, எது தாங்கள் செய்தது என்று முழுசாகச் சொல்லியே விற்றார்கள் என்பதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இந்தியாவில் என்ன நிலை?

1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், பிரிவு 103 மற்றும் 104. போலிச் சின்னத்தை இடுபவருக்கும், அந்தச் சரக்கை விற்பவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்தமாகக் கட்டிக்கொள்ள ஒன்றை வாங்குபவரை இந்தப் பிரிவுகள் குறிவைக்கவில்லை. ஆனால், “போர் அடிச்சிருச்சு, ஓஎல்எக்ஸ்ல போட்டுரலாம்” என்று நினைக்கும் நொடியில் அவர் விற்பவர் ஆகிவிடுகிறார். அசல் என்று சொல்லி விற்றால் மோசடி வழக்கும் தனியாக வரும்.

வெளிநாட்டில் இந்தச் சலுகையும் இல்லை. பிரான்ஸில் போலியை வைத்திருப்பதே குற்றம். இத்தாலியில் வாங்கியவருக்கு 7,000 யூரோ வரை அபராதம். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கையில் கட்டிவந்த ஒற்றை வாட்ச்சையும் சுங்கத்துறை பறித்து அழிக்கலாம். ஆன்சைட் போகிறவர்கள் கவனிக்க!

மாடர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளிக்கடை டயலில் ‘சீக்கோ’ என்று அச்சடித்து வந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது சீக்கோ மெஷின் என்பதால் பலர் இதைத் தவறாகவே நினைப்பதில்லை. ஆனால், அந்தப் பெயரை அச்சிட்டது சீக்கோ அல்ல. விற்பனைக்கு வரும்போது அதுவும் போலிச் சின்னம்தான். பெயரே இல்லாத ‘ஸ்டெரைல்’ டயல் கிடைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதையே வாங்குகிறார்கள். வடிவத்தை மட்டும் தழுவி, தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் ‘ஹோமேஜ்’ வாட்ச்கள் இந்த வம்பிலிருந்து பெரும்பாலும் தப்பிப்பதற்கும் அதுதான் காரணம். இந்தியாவில் பதிவுசெய்த வடிவமைப்புக்குப் பாதுகாப்பு அதிகபட்சம் 15 ஆண்டுகள்தான். பெயருக்கான உரிமையோ, புதுப்பிக்கப் புதுப்பிக்க முடிவே இல்லாதது.

‘மும்பை ஸ்பெஷல்’

ஆடம்பர பிராண்டில்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த ஹெச்எம்டி வாட்ச்களுக்கு, கம்பெனியை மூடும் முடிவு 2016-ல் வந்த பிறகு மவுசு கூடியது. பழைய ஹெச்எம்டி, சீக்கோ 5 மெஷின்களை எடுத்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, எந்தக் காலத்திலும் கம்பெனி செய்யாத மாடலை ‘விண்டேஜ்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர்தான் ‘மும்பை ஸ்பெஷல்’. ஆரஞ்சு, கிளிப்பச்சை டயலில் எழுத்துகள் கொழகொழவென்று தடித்திருந்தால், 50 வருட வாட்ச்சின் டயலில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டால், பின் மூடியைத் திறந்து மெஷின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்டில் மாட் வாட்ச் வாங்குவதாக இருந்தால், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சீக்கோவை மாற்றிய பொறுப்பான மாடர்கள், கழற்றிய பழைய டயலையும் முட்களையும் சின்ன ஜிப் கவரில் போட்டு வாட்ச்சோடு சேர்த்தே கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.