மேல்நிலைத் தொழிற்கல்வியில் மாதிரிப் பணியிடப் பயிற்சி

ஆய்வுச்சுருக்கம்

மேல்நிலை வகுப்பு மாணவர்களைப் பணிவாழ்வுக்கு ஆயத்தப்படுத்தும் வழிகளுள் ஒன்று, பள்ளிக்குள்ளேயே பணியிடத்தை ஒத்த சூழலை அமைத்துப் பயிற்றுவிப்பதாகும். ஆஸ்திரியாவின் வணிகப் பள்ளிகளிலும் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்திலும் நடைமுறையில் உள்ள இத்தகைய இரு அமைப்புகளை இக்கட்டுரை விளக்குகிறது. மாணவர் செய்யும் பிழை இன்னொருவரைச் சென்றடைந்து, திருத்தம் கோரி அவரிடமே திரும்பிவருவதுதான் இம்முறையின் அடிப்படை என்பதை எடுத்துக்காட்டி, தமிழ்நாட்டு மேல்நிலைத் தொழிற்கல்விக்கு அது பொருந்தும் வகையை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்கல்வி, மாதிரிப் பணியிடம், பயிற்சி நிறுவனம், மேல்நிலைக் கல்வி, செய்முறை.

முன்னுரை

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தோன்றியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990ஆம் ஆண்டுக்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995ஆம் ஆண்டுக்குள்ளும் தொழிற்பிரிவுகளுக்குக் கொண்டுவர இலக்கு வகுத்தது. 1992இல் கொள்கை திருத்தப்பட்டபோது இவ்விலக்குகள் முறையே 1995, 2000 ஆகிய ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொழிற்கல்வி ஏனைய கல்வியினும் தாழ்ந்தது என்னும் எண்ணம் சமூகத்தில் நிலவுவதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது.

இவ்வெண்ணம் அறிவுரையால் மட்டும் மாறுவதன்று. தொழிற்பிரிவில் பயின்றவர், தாம் கற்ற தொழிலை நம்பிக்கையுடன் செய்யக்கூடியவராக வெளிவரும்போதுதான் அது மாறும். அந்நம்பிக்கையைப் பள்ளி எவ்வாறு அளிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் வினா.

மாதிரிப் பணியிடம்: விளக்கம்

மாதிரிப் பணியிடம் என்பது, மெய்யான பணியிடத்தின் பொறுப்புகள், கால வரையறைகள், ஆவணங்கள், பணியாளர் உறவுகள் ஆகியவற்றைப் பள்ளிக்குள் அமைத்து, மாணவரை அவற்றினூடே இயங்கச் செய்யும் பயிற்சி முறையாகும். இதனைச் செய்முறை வகுப்பினின்றும் பிரித்தறிதல் வேண்டும். செய்முறை வகுப்பில் மாணவர் ஒரு பயிற்சியை முடித்து ஆசிரியரிடம் காட்டுகிறார். மதிப்பெண் இட்டவுடன் அப்பணி முற்றுப்பெறுகிறது. மாதிரிப் பணியிடத்தில் ஒருவர் முடித்த பணி மற்றொருவருடைய பணிக்குத் தொடக்கமாக அமைகிறது. கொள்முதல் பிரிவினர் பதிந்த ஆணையைக் கொண்டே கிடங்குப் பிரிவினர் இயங்குவர். அவர்தம் பதிவைக் கொண்டே கணக்குப் பிரிவினர் பணம் செலுத்துவர்.

மெய்யான நிறுவனத்திற்கு மாணவரை அனுப்பும் களப்பயிற்சியினின்றும் இது வேறுபட்டது. களப்பயிற்சிக்கு வரும் இளையவரிடம் முதன்மையான பொறுப்பை ஒப்படைக்க நிறுவனங்கள் தயங்குவது இயல்பு. பிழை நேர்ந்தால் இழப்பு மெய்யானதன்றோ? மேலும், 2016இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பெரும்பாலும் இவ்வயது வரம்புக்குள் அடங்குவர். எனவே, பொறுப்பையும் பாதுகாப்பையும் ஒருசேர அளிக்கவல்ல இடமாகப் பள்ளியே எஞ்சுகிறது.

ஆஸ்திரியாவின் பயிற்சி நிறுவனங்கள்

ஆஸ்திரியாவின் வணிகப் பள்ளிகளில் 'பயிற்சி நிறுவனம்' பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாகும். மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு, கொள்முதல், விற்பனை, கணக்கு ஆகிய பிரிவுகளில் முறைமாற்றிப் பணிபுரிவர். இங்கே பொருளும் பணமும் கற்பனையே; ஆனால், விலைக்கேட்பு, ஆணை, இடாப்பு, ஊதியப் பட்டியல் முதலிய ஆவணங்கள் அனைத்தும் மெய்யான வணிகத்தில் உள்ளவாறே ஆயத்தம் செய்யப்படுகின்றன.

ஒரு பயிற்சி நிறுவனம் தனித்து இயங்குவதில்லை என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. அது பிற பள்ளிகளின் பயிற்சி நிறுவனங்களிடமிருந்து வாங்குகிறது, அவற்றிற்கு விற்கிறது. வங்கி, வரி அலுவலகம் போன்றவற்றின் பணிகளை நாடளாவிய மைய அமைப்பு ஒன்று ஏற்று நடத்துகிறது. பிற நாடுகளிலும் இத்தகைய நிறுவனங்கள் இயங்குவதால் எல்லை கடந்த வணிகமும் நிகழ்கிறது. எனவே, மாணவர் எழுதும் கடிதத்தை அவருடைய ஆசிரியர் மட்டுமன்றி, முன்பின் அறியாத வேறொரு மாணவரும் படிக்கிறார்; அதன் அடிப்படையில் முடிவெடுக்கிறார்.

மேற்கு வெர்ஜீனியாவின் நடைமுறை

நிலக்கரிச் சுரங்கத் தொழிலை நெடுங்காலம் சார்ந்திருந்து, அதன் சரிவாலும் போதைப்பொருள் சிக்கலாலும் அல்லற்பட்ட மாநிலம் மேற்கு வெர்ஜீனியா. அங்கு 2013இல் மாதிரிப் பணியிடத் திட்டம் முன்னோடி முயற்சியாகத் தொடங்கப்பட்டது. பற்றவைத்தல், மின்பணி, உடல்நலப் பராமரிப்பு முதலிய தொழில் வகுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டன. நிறுவனத்திற்கு மாணவர்களே பெயர் சூட்டுவர். நடைமுறைக் கையேடு உருவாக்குவர். பொறுப்புகளுக்கு விண்ணப்பித்து நேர்காணலை எதிர்கொள்வர். வருகை, பணியிடங்களில் உள்ளதுபோல் நேரப்பதிவு முறையில் குறிக்கப்படும். பணியிடத் தூய்மை, பாதுகாப்பு, போதைப்பொருள் பரிசோதனை ஆகியனவும் திட்டத்தின் கூறுகள். தொழில்துறையினர் நேரில் வந்து வகுப்பை ஒரு நிறுவனமாகவே மதிப்பிடுவர்.

ஆஸ்திரிய அமைப்பு பரிமாற்றத்திற்கு முதன்மை தருகிறது. மேற்கு வெர்ஜீனிய அமைப்பு பணிப்பண்புக்கு முதன்மை தருகிறது. பின்னதில் ஓர் இடர் உண்டு. நேரந்தவறாமையும் கட்டுப்பாடும் மட்டுமே பணிப்பண்பு எனக் கொள்ளப்படுமாயின், பயிற்சி என்பது கீழ்ப்படிதலுக்கான பயிற்சியாகச் சுருங்கிவிடும். ஊதியப் பட்டியலைப் படித்தறிதல், வருங்கால வைப்புநிதிப் பிடித்தத்தைச் சரிபார்த்தல், பணிநேர வரம்பையும் பாதுகாப்பு உரிமையையும் அறிதல் ஆகியனவும் பணிவாழ்வுக்கான ஆயத்தமே. இவற்றிற்கும் மாதிரிப் பணியிடத்தில் இடம் இருத்தல் வேண்டும்.

பிழையும் விளைவும்

இருவகை அமைப்புகளிலும் பொதுவாக நிற்பது பிழையைக் கையாளும் முறையாகும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பள்ளியின் மாதிரி நிறுவனம், மற்றொரு பள்ளியின் நிறுவனத்திற்கு ரூ.40,000 மதிப்புள்ள அறைகலன்களை 5 விழுக்காடு வியாபாரத் தள்ளுபடியில் விற்பதாகக் கொள்வோம். தள்ளுபடி போக ரூ.38,000 மீதே சரக்கு மற்றும் சேவை வரி கணக்கிடப்பட வேண்டும். வரி 18 விழுக்காடு எனின் அது ரூ.6,840 ஆகும். மாணவர் ஒருவர் தவறுதலாக ரூ.40,000 மீது கணக்கிட்டு ரூ.7,200 என இடாப்பில் குறித்துவிடுகிறார்.

தேர்வில் இப்பிழைக்கு ஓரிரு மதிப்பெண்கள் குறையும். அத்துடன் அது மறக்கப்படும். மாதிரிப் பணியிடத்திலோ, வாங்கும் பள்ளியின் மாணவர் ரூ.360 வேறுபாட்டைக் கண்டு இடாப்பைத் திருப்பி அனுப்புவார். விற்றவர் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். திருத்திய ஆவணம் அனுப்ப வேண்டும். குறிப்பேட்டிலும் பேரேட்டிலும் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை பணம் வாராது. பிழையைக் கண்டவரும் கற்கிறார்; செய்தவரும் கற்கிறார். யாருக்கும் மெய்யான இழப்பில்லை. எனினும் தம் கவனக்குறைவு இன்னொருவரைக் காத்திருக்கச் செய்தது என்னும் உணர்வு மெய்யானது.

இப்பிழை திரும்பிவரும் வழி இல்லாதவிடத்து, விலையுயர்ந்த கருவிகளும் சீருடையும் பெயர்ப்பலகையும் இருப்பினும் அது செய்முறை வகுப்பாகவே எஞ்சும்.

தமிழ்நாட்டுச் சூழலில் பொருந்தும் வகை

மேல்நிலைத் தொழிற்பிரிவில் கற்பிக்கப்படும் அலுவலக மேலாண்மையும் செயலியலும், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் ஆகிய பாடங்களில் இம்முறையைத் தொடங்குவது எளிது. இவற்றிற்கு இயந்திரங்கள் தேவையில்லை. ஒரே மாவட்டத்தின் சில பள்ளிகள் இணைந்து, வாரத்தில் ஒரு பிற்பகலைப் பரிமாற்ற நாளாக வகுத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளி வங்கியாக இயங்கி மாத இறுதியில் கணக்கறிக்கை அனுப்பினால், பாடநூலில் வரும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் மாணவருக்கு உடனடித் தேவையாகிவிடும். மின்பணி, இயந்திரப்பணிப் பிரிவுகளில் பணி ஆணை, பொருட்பட்டியல், சக மாணவரின் தர ஆய்வு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

இதற்கு இரு முன்தேவைகள் உள்ளன. முதலாவது, ஆசிரியரின் நேரம். மாதிரி நிறுவனத்தை ஒருங்கிணைக்கும் பணி, பாடவேளைக் கணக்கில் சேர்க்கப்படாவிடின் இம்முயற்சி ஓரிரு ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தோடு நின்றுவிடும். இரண்டாவது, மதிப்பீட்டு முறை. பிழையின்மைக்கு மட்டுமன்றி, நேர்ந்த பிழையைக் கண்டறிந்து திருத்தியமைக்கும் மதிப்பெண் வழங்கப்படுதல் வேண்டும். பிழைக்குத் தண்டனை மட்டுமே உண்டெனில், மாணவர் அதனை மறைக்கவே கற்பார்.

முடிவுரை

மாதிரிப் பணியிடம் மெய்யான பணிக்கு மாற்று அன்று; பணிக்குச் செல்லுமுன் பொறுப்பை ஏற்றுப் பழகும் இடமாகும். ஆஸ்திரியாவின் பரிமாற்ற அமைப்பும் மேற்கு வெர்ஜீனியாவின் நிறுவன அமைப்பும், வகுப்பறைக்கு வெளியே ஒருவர் தம் பணியை எதிர்நோக்கியிருக்கிறார் என்னும் உணர்வை மாணவருக்கு வெவ்வேறு வழிகளில் தருகின்றன. தமிழ்நாட்டின் தொழிற்பிரிவு மாணவருக்கும் அவ்வுணர்வு வாய்க்குமாயின், அவர் தம் கல்வியை மதிப்பெண் குறைந்தோர்க்கு ஒதுக்கப்பட்ட இடமாகக் கருதமாட்டார். அதற்கான முதற்படி, ஒரு பள்ளியின் இடாப்பு அடுத்த பள்ளியின் மேசையைச் சென்றடைவதே ஆகும்.